வேறு பெயரில் இருந்த வீடு

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அரிசி மில்காரர் வந்தார். பக்கத்துத் தோட்டம் அவருடையது. கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், டெய்லரு ஆதாரம் ஏதாச்சும் வெச்சுட்டுப் போயிருக்கறாருங்களா?"

ஆதாரம் என்றால் எங்கள் பக்கத்தில் கிரயப் பத்திரம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய ஊர் எங்களுடையது. வீட்டில் தமிழ்தான். ஆபீஸ் சங்கதி என்று வந்தால் மட்டும் எல்லோர் வாயிலும் மலையாளச் சொல் வந்துவிடும்.

"இருக்குமுங்க. இன்னும் பெட்டியத் தொறக்கல" என்றேன்.

"தொறந்து பாருங்க. அவசரமில்லீங்க."

அவர் அப்படி அக்கறையாகக் கேட்டது அன்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தேழு வயது. ஊரில் இருந்த தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீடு. முன்னறையில் மாமாவின் தையல் மிஷின். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. ஊருக்கு அவர் டெய்லர், எனக்கு மாமா. இளவயதில் இடுக்கி மலையில் எஸ்டேட் பக்கம் சில வருஷம் தையற்கடை வைத்திருந்தாராம். பிறகு இறங்கி வந்து இந்த வீட்டை வாங்கினாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் அறிந்தது இவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்தோம். அளவு நாடா, துணியில் கோடு போடும் சாக்கட்டி, உடைந்த கண்ணாடி, பொத்தான் நிறைந்த ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், கடைக்கென்று அவர் செய்து வைத்திருந்த ரப்பர் ஸ்டாம்பு. பத்திரம் இல்லை. பரணில் தேடினோம், மிஷினின் இழுப்பறையில் தேடினோம், சாமி படங்களுக்குப் பின்னால் தேடினோம். எங்கும் இல்லை.

அதற்குப் பிறகு மில்காரர் ஒவ்வொரு வாரமும் வந்தார். ஒரு நாள் கத்தரிக்காய், ஒரு நாள் பப்பாளி. வெறுங்கையோடு அவர் வந்ததே இல்லை. "கெடச்சுதுங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் உச்சுக்கொட்டி வருத்தப்படுவார். போகும்போது வீட்டின் கூரையை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்.

ஐப்பசியில் ஒரு காலை, கிணற்றடியில் இரண்டு ஆட்கள் சணல் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். யார் சொல்லி அளக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருவன் சிரித்தான். மற்றவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். மறுவாரம் பள்ளியிலிருந்து வந்தபோது வாசல் புளியமரத்தில் சுண்ணாம்பால் ஒரு பட்டை அடித்திருந்தது. வெட்டப் போகிற மரத்துக்கு அடிப்பது போல. அம்மா அதைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்திருக்கிறாள். போகவில்லை.

பிறகு கல் வந்தது. இரண்டு மாட்டுவண்டிகளில் கட்டடக் கல்லை ஏற்றிக்கொண்டு மில்காரரே கூட நடந்து வந்தார்.

"எங்க எறக்கறதுன்னு தெரியலீங்க டீச்சர். மில்லுல எடமில்ல. உங்க வாசல்ல ஓரமாப் போட்டுக்கட்டுங்களா? ஒரு வாரந்தான்."

நான் தலையாட்டினேன். இன்றுவரை அதற்காக என்னை நொந்துகொள்கிறேன். ஒரு வாரம் கழித்து இன்னும் நான்கு வண்டி வந்தது. அப்போது கேட்கக்கூட இல்லை. கல் ஜன்னல் உயரத்துக்கு ஏறியது. முன்னறைக்குள் வெளிச்சம் வருவது நின்றது. பகலிலேயே அம்மா சிமினி விளக்கை ஏற்றி மிஷின் மேல் வைக்கத் தொடங்கினாள்.

கார்த்திகையில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மலையாளத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டி அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். இந்த வீடும் மனையும் மில்காரருக்குச் சொந்தம். டெய்லர் அதில் அவர் தயவில் குடியிருந்தவர். அவர் இறந்துவிட்டதால் உள்ளே இருப்பவர்கள் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அன்று சாயங்காலமே அவர் ஒரு சீப்பு நேந்திரம் பழத்தோடு வந்து நின்றார்.

"வக்கீலுக எழுதறது அப்படித்தானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. நாம எப்பவும் போலத்தான்."

"மாமா வாங்கின ஊடுன்னு ஊருக்கே தெரியுமுங்களே" என்றேன்.

"ஊரு சொன்னா கோர்ட்டு கேக்காதுங்க டீச்சர். காயிதம் வேணும்." பழத்தை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனார்.

வில்லேஜ் ஆபீசில் போய் வரி ரசீது பார்க்கக் கேட்டேன். பல வருஷங்களாக அந்த மனைக்கு மில்காரர் பெயரில்தான் வரி கட்டியிருந்தது. அது எப்படி நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. மாமாவுக்கு மிஷினை விட்டு எழுந்திருக்க நேரமிருக்காது. "நானும் வரி கட்டத்தானுங்க போறேன் டெய்லரே, உங்களுதையும் சேத்துக் கட்டிட்டு வாறேன்" என்று இவர் வாசலில் நின்று கேட்பதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாமா பணத்தைக் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்புவார்.

ரிஜிஸ்தர் ஆபீசில் தேடச் சொல்லி மனு கொடுத்தேன். அங்கே பெயர் வரிசைப்படி அட்டவணைப் புத்தகங்கள் உண்டு. குமாஸ்தா, மாமாவின் பெயரை மூன்று நாள் தேடினார். "இப்படி ஒரு ஆள் இங்கே எதுவும் வாங்கினதா இல்லையே டீச்சரே" என்றார். நாங்கள் பார்த்த வக்கீல் வயதானவர், நல்லவர். அவரும் பேனாவை மூடி வைத்துவிட்டார். வாங்கியவர் பெயரே இல்லாமல் எதை வைத்து வாதாட என்றார்.

மார்கழி விடுமுறையில் ஒரு மத்தியானம், மாட்டுக்குக் கலக்கத் தவிடு எடுக்கப் பானைக்குள் கையை விட்டேன். அடியில் ஏதோ துணிப்பொட்டலம் தட்டுப்பட்டது. அவிழ்த்தால் தபால் அட்டைகள். பதிவுத் தபால் போய்ச் சேர்ந்ததற்குத் திரும்பி வருமே, அந்த ஒப்புதல் அட்டைகள். பதினெட்டு இருந்தன. வருஷத்துக்கு ஒன்று, எல்லாம் டிசம்பர் மாதம். அனுப்பியவர் இடத்தில் மாமாவின் கடை ஸ்டாம்பு. பெற்றுக்கொண்டவர் இடத்தில் ஒரு பெண்ணின் கையெழுத்து. முகவரி, வண்டிப்பெரியாறு தபால் ஆபீசுக்கு உட்பட்ட ஒரு தேயிலை எஸ்டேட்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் இதை இங்க வெச்சியா?"

அம்மா அட்டைகளையே பார்த்தாள்.

"யாரும்மா இது?"

"உங்க மாமன் பொண்டாட்டி" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மலையில கட்டுனவ. கிறிஸ்தியானி. குழந்தை ஒண்ணு பொறந்து செத்துப் போச்சாமா. அண்ணன் அப்பவே எறங்கி வந்துருச்சு. வருசா வருசம் ஒரு ஜாக்கெட்டுத் தச்சு அனுப்பும். நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"பெட்டியத் தொறக்கறப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"அவ வந்தா நாம எங்க கண்ணு போறது?"

தை பிறந்து முதல் வாரம் புறப்பட்டேன். எங்கள் ஊரும் வண்டிப்பெரியாறும் ஒரே மாநிலம்தான். ஆனாலும் பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். கம்பத்தில் ஒரு தூரத்து உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை குமுளி ஏறினேன். மலையில் மழைக்காலம் முடிந்தும் மூடுபனி விலகவில்லை. எஸ்டேட் அலுவலகத்தில் கேட்டபோது, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வருவாள், லயத்தில் போய் இரு என்றார்கள். லயம் என்பது தொழிலாளிகளுக்கு எஸ்டேட் கொடுக்கிற வரிசை வீடு, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். என்ன சொல்வது என்று யோசித்த வார்த்தைகள் ஒன்றும் நிற்கவில்லை.

அவள் வந்தாள். ஒடிசலான உடம்பு, இடுப்பில் பனிக்கு நனையாமல் கட்டிய படுதா, முதுகில் கூடை. அறுபதை நெருங்கியிருப்பாள். அவள் போட்டிருந்த ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தையலை நான் பதினெட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்.

"யாரும்மா வேணும்? எங்கருந்து வாரே?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். கூடையை இறக்காமலே நின்றாள்.

"அவுக அனுப்பிச்சாகளா?"

"நான் அவர் தங்கச்சி மகள்."

"இந்தக் கிறிஸ்மஸுக்குப் பார்சல் வரலியே. சொகமில்லாம இருக்காகளோ?"

சொல்ல வேண்டியிருந்தது. ஆவணியில் போய்விட்டார் என்றேன். மூச்சுத் திணறல், ஆறு மாதம் படுக்கை. அவள் கூடையை மெல்ல இறக்கி வைத்தாள். கதவைத் திறந்து, எனக்குப் பாய் போட்டு, அடுப்பைப் பற்ற வைத்து, பால் விடாத கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தாள். பிறகு என் எதிரில் உட்கார்ந்து, "ஆவணியில" என்றாள். விரலை மடக்கினாள். "அப்பம் நான் கடுதாசி போட்டப்ப உசிரோடதான் இருந்திருக்காக."

தகரப் பெட்டியைத் திறந்து, பைபிளுக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தாள். ஆனி மாதம் அவள் எழுதிய கடிதம். இன்னும் இரண்டேகால் வருஷத்தில் சர்வீஸ் முடிகிறது, முடிந்தால் லயத்தைக் காலி பண்ண வேண்டும், நீங்கள் வாங்கின வீட்டுக்கு நான் வரட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தாள். கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்திருந்தது. உறையின் மேல் நீல மையில் ஒரு வரி. 'இந்தப் பேரில் இங்கு யாரும் இல்லை.'

அது என் அம்மாவின் கையெழுத்து. 'இ'கரத்தை முட்டைபோல் சுழிக்கிற பழக்கமும், சொல்லுக்குச் சொல் விடுகிற அகலமான இடமும், எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். மாமா உள்ளே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, அம்மா வாசலில் தபால்காரரிடம் பேனா வாங்கி இதை எழுதியிருக்கிறாள்.

"யாரு எழுதினதோ. தபாலாபீசுல எழுதியிருப்பாக" என்றாள் அவள்.

நான் தலையைக் குனிந்து காப்பியைக் குடித்தேன்.

முகவரியில் இருந்த பெயர் மாமாவின் பெயர் இல்லை. வேதாகமத்தில் வருகிற ஒரு பெயர். கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கியபோது வைத்த பெயராம். மலையில் எல்லாக் காகிதத்திலும் அவருக்கு அந்தப் பெயர்தான். குழந்தை இறந்த அதே மாதம், கல்லறை மண் காய்வதற்குள், அவர் இறங்கிப் போய்விட்டார். ஒரு வருஷம் கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு கட்டு வந்தது. கடிதம் எதுவும் இல்லை. உள்ளே ஒரு வீட்டின் பத்திரம் மட்டும் இருந்தது.

"வான்னு கூப்பிடத் தைரியமில்லாம வீட்ட அனுப்பினாக" என்றாள். "எனக்கு ஆத்திரம். நான் போவல. திருப்பி அனுப்பவும் மனசு வரல."

பத்திரத்தை என் மடியில் வைத்தாள். வாங்கியவர் பெயர், அந்த வேதாகமப் பெயர். கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். இரண்டு சாட்சிகள். இரண்டாவது கையெழுத்து மில்காரருடையது.

அவருக்கு இந்தப் பெயர் ஆரம்பத்திலிருந்தே தெரியும். மாமா பெயரில் எத்தனை புத்தகம் புரட்டினாலும் நாங்கள் எதையும் கண்டுபிடிக்க மாட்டோம் என்று தெரிந்துகொண்டேதான் வாரா வாரம் வாசலில் வந்து நின்று, கிடைத்ததா என்று கேட்டிருக்கிறார்.

பத்திரத்தை எடுத்துக்கொண்டு போ என்றாள் அவள். திரும்பும் பஸ்ஸில் அதை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனதில் ஒரு கெட்ட எண்ணம் வந்ததை மறைக்க மாட்டேன். இவளைப் பற்றி வாயே திறக்காமல், பத்திரத்தை மட்டும் காட்டினால் போதாதா என்று நினைத்தேன்.

போதாது என்றார் வக்கீல். சாட்சிக் கையெழுத்தைப் பார்த்து மேஜையைத் தட்டிச் சிரித்தவர், உடனே முகம் மாறிச் சொன்னார். "பத்திரத்துல இருக்கிற ஆளும் உங்க மாமாவும் ஒரே ஆள்னு யார் சொல்லுவா? சர்ச் ரிஜிஸ்தர் வேணும். அந்த அம்மா வந்து கூண்டுல ஏறணும். ஏறினா மில்காரர் தோற்பார். ஆனா ஒண்ணு டீச்சர். வீடு அந்த அம்மாவுக்குத்தான். உங்களுக்கு இல்ல."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். உறையைப் பற்றியும் சொன்னேன். கல் மறைத்த ஜன்னலுக்கு அருகில், விளக்கு வெளிச்சத்தில் அவள் நின்றிருந்தாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"நீ எழுதினதுன்னு தெரியாது."

"நீ சொல்லுவியா?"

"அண்ணன் சாகறப்பக்கூட அந்த லெட்டரக் குடுக்கத் தோணலியாம்மா உனக்கு?"

அம்மா விளக்கின் திரியைத் தாழ்த்திவிட்டுச் சொன்னாள். "குடுத்திருந்தா, அண்ணன் கூட்டியாரச் சொல்லியிருக்கும் கண்ணு."

மில்காரர் வழக்குப் போட்டார். ஒன்றரை வருஷம் நடந்தது. அந்தக் காலம் முழுக்க அவர் வழியில் பார்த்தால் குடையை மடக்கிக்கொண்டு நலம் விசாரிப்பார். சாட்சி சொல்கிற நாளன்று மலையிலிருந்து அவள் தனியாக வந்து இறங்கினாள், சர்ச்சில் நகல் எடுத்த கல்யாணப் பதிவோடு. மாமாவோடு எடுத்த ஒரு போட்டோவும் வைத்திருந்தாள். கூண்டில் நின்று ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. மில்காரரிடம் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானே என்று எங்கள் வக்கீல் கேட்டார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆமாம் என்றார்.

வராந்தாவில் என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, "எனக்கு மறந்தே போச்சுங்க டீச்சர், பாருங்க" என்றார். முகத்தில் கோபமோ வெட்கமோ இல்லை, எப்போதும் போல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் இவரைக் கண்டு நான் எவ்வளவு பயந்திருக்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அவள் பக்கம் வந்தது என்று சொல்ல வேண்டும். இரண்டு நாளில் வண்டிகள் வந்து கல்லை அள்ளிக்கொண்டு போயின. அந்த இடத்தில் புல் வெளுத்துச் செத்திருந்தது. அடுத்த மாதம் அவளுக்குச் சர்வீஸ் முடிந்தது. தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். நான் அத்தை என்று கூப்பிட்டேன். அம்மா அண்ணி என்றாள். மாமாவின் கட்டிலை அவளுக்கு விட்டோம்.

மில்காரரை எதிரி என்று நினைத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்கூட நான் அப்படித் தூக்கம் கெட்டதில்லை. இப்போது பயம் வீட்டுக்குள் இருந்தது. அத்தை அம்மாவோடு ஒரே அடுப்பில் சமைத்தாள், ஒரே கிணற்றில் நீர் இறைத்தாள். என்றைக்குத் தெரியப் போகிறதோ, தெரிந்தால் எங்கே போவோம் என்று நான் பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் நின்று யோசிப்பேன். அம்மா பேனாவைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த அத்தை, மலையில் இருக்கும் தோழிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளி அவள் விரல்கள் கோணிப்போயிருந்தன.

"நான் எழுதறேனுங்க அத்தை" என்று ஓடினேன்.

"நீ பரீட்சைப் பேப்பரு திருத்துதே. அவ எழுதட்டும்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, அத்தை சொல்லச் சொல்ல எழுதினாள். அதே சுழி, அதே இடைவெளி. முடித்ததும் அத்தை தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவ்வளவு நேரம் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. மடித்து உறைக்குள் போட்டாள். "நல்ல எழுத்து" என்றாள். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் எதுவும் கேட்கவில்லை. எதுவும் மாறவுமில்லை. அம்மா மட்டும் இளைத்துக்கொண்டே போனாள். அத்தை தட்டில் சோறு போட்டுக் கொடுத்தால், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பாள்.

எழுபதுகள் முடிகிற சமயம், அத்தை எங்கள் இரண்டு பேரையும் ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எங்களிடம் எதற்கென்று சொல்லவில்லை. அங்கே எல்லாம் எழுதித் தயாராக இருந்தது. தன் காலத்துக்குப் பிறகு வீடு எனக்கு. அதற்குக் கீழே ஒரு நிபந்தனை. என் தாயார் உயிரோடு இருக்கும்வரை அவரை அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியேற்றக் கூடாது. வீட்டுக்கு வருகிற தபால் எதையும் அவர் வாங்கக் கூடாது.

இப்படியெல்லாம் பத்திரத்தில் எழுதுவதில்லை என்று எழுத்தர் சொல்லிப் பார்த்திருக்கிறார். எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று அத்தை சொல்லிவிட்டாளாம்.

அம்மாவுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்குது கண்ணு?" என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். முதல் பாதியைச் சொன்னேன், பிறகு தயங்கினேன். அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீதியும் சொல்லு" என்றாள் அம்மா.

சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டு, முந்தானையால் வாயைத் துடைத்தாள். சாட்சி போடுகிற இடத்தை எழுத்தர் விரலால் காட்டினார். அவளே பேனாவைக் கேட்டு வாங்கி, தன் பெயரையும் ஊரையும் தமிழில், சொல்லுக்குச் சொல் அகலமாக இடம் விட்டு, நிதானமாக எழுதினாள்.